எதைப் பற்றித்தான் வாதாடுகிறோம்?

பல வருடமாக ஒரு விவாதக் குழுவில் இருக்கிறேன். அறிவியல், அரசுக் கொள்கை, எங்கள் குழுவின் சொந்த விதிகள் என்று எல்லாவற்றையும் பேசியும் எழுதியும் வாதாடியிருக்கிறோம். கொஞ்ச காலம் விவாதங்களை நெறிப்படுத்தும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான சண்டைகளில் இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஒருவர் "இது உண்மையா" என்பதற்கு ஆதாரம் அடுக்குகிறார். இன்னொருவர் "இதைச் செய்யலாமா" என்று கொதிக்கிறார். மூன்றாவதாக ஒருவர் "இப்படியெல்லாம் பேசலாமா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறார். மூன்றுக்கும் தேவைப்படும் பதில் வேறு வேறு வகை. மூன்றும் சிக்கு விழுந்துவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரர்கள் கூடியிருந்தாலும் பேச்சு நகராது.

குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கலாமா என்ற விவாதத்தில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். ஆரம்பித்த உடனேயே சூடு பிடித்துவிட்டது. எங்கள் குழுவில் இருந்த பல் மருத்துவர் ஒருவர், "1945-ல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் தொடங்கியது. இத்தனை காலம் பார்த்தாயிற்று, சொத்தைப் பல் குறைகிறது. இதில் பேச என்ன இருக்கிறது?" என்றார். ஒரு இளைஞர் உடனே, "ஃப்ளோரைடு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டமே 2024-ல் சொல்லிவிட்டது, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் அதுவரை வாயே திறக்கவில்லை. அவர்தான் கேட்டார்: "தம்பி, டாக்டர், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?"

அந்த ஒரு கேள்வியில் பாதிச் சண்டை அடங்கிவிட்டது. அமெரிக்காவில் குடிநீருக்கு 2015-ல் பரிந்துரைக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியாக வைத்திருக்கும் மேல் வரம்பு 1.5. இளைஞர் சொன்ன 2024 அறிக்கை பேசுவது 1.5-க்கு மேற்பட்ட அளவைப் பற்றி. அங்கே குழந்தைகளின் ஐக்யூ குறைவோடு தொடர்பு தெரிகிறது, இந்த முடிவின் மேல் நடுத்தர நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, 0.7 அளவில் பாதிப்பு உண்டா இல்லையா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இளைஞர் பொய் சொல்லவில்லை, அளவை விட்டுவிட்டார், அவ்வளவுதான். பல் மருத்துவர் பக்கமும் ஒரு விடுபடல் இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு, 1975-க்குப் பிந்தைய ஆய்வுகளில் கிடைக்கும் பலன் பழைய ஆய்வுகளில் தெரிந்ததைவிட மிகக் குறைவு என்று 2024-ல் சொன்னது. பால் பற்களைப் பொறுத்தவரை ஒரு குழந்தைக்குச் சராசரியாகச் சொத்தையில் கால்வாசிப் பல் அளவுக்குத்தான் வித்தியாசம். ஃப்ளோரைடு கலந்த பற்பசை எங்கும் பரவிவிட்டது அதற்கு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

சரி, உண்மைகளைப் பற்றி இரண்டு பேரும் ஓரளவு ஒத்துப்போய்விட்டார்கள். அப்புறம் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "பல்லுக்கு நல்லதென்றே வைத்துக்கொள்வோம் டாக்டர். என்னைக் கேட்காமல் நான் குடிக்கிற தண்ணீரில் ஒன்றைக் கலக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?"

டாக்டர் இதற்கு இன்னொரு ஆய்வை எடுத்தார். நெறியாளராக நான் குறுக்கிட்டது அங்கேதான். அந்தக் கேள்விக்கு எந்த ஆய்விலும் பதில் கிடையாது. கேட்காமல் கலப்பது சரியா என்பது மதிப்பீடு சார்ந்த கேள்வி. அதற்கு எதிராக வைக்க வேண்டியதும் மதிப்பீடுதான். டாக்டரிடம் அது இருந்தது, நன்றாகவே இருந்தது. பற்பசையும் பல் மருத்துவரும் எட்டாத வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் ஒன்றுதான் போய்ச் சேரும் என்று அவர் சொன்னபோது அந்த அக்காவே கொஞ்ச நேரம் யோசித்தார். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே கேள்வியில் நின்றார்கள். துறை நிபுணரை உண்மை பற்றிய கேள்வியில் நான் அதிகம் நம்புவேன், நம்பத்தான் வேண்டும். எது நியாயம் என்ற கேள்வியில் அவருக்கும் ஒரு குரல்தான், அந்த அக்காவுக்கும் ஒரு குரல்தான்.

கொள்கைக் கேள்வி என்றதும் ஆதாரத்துக்கு அங்கே இடமில்லை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். கனடாவின் கால்கரி நகரம் 2011-ல் ஃப்ளோரைடு கலப்பதை நிறுத்தியது. பக்கத்து மாநகரமான எட்மன்டன் நிறுத்தவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து இரண்டு நகரங்களிலும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் பால் பற்களைப் பார்த்தார்கள். கால்கரியில் சுமார் 65 சதவீதக் குழந்தைகளுக்குச் சொத்தை, எட்மன்டனில் சுமார் 55 சதவீதம். 2021-ல் கால்கரி மக்கள் வாக்களித்துத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, உண்மையைத் தரவு சொன்னது, முடிவை மக்கள் எடுத்தார்கள். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். விவாதம் சூடாகும்போது ஒரு தாளில், இதுவரை பேசியவர்கள் உண்மையில் எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதிவிடுவேன். பிறகு எல்லோர் முன்னும் படித்துக் காட்டி, இதில் எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்பேன். பத்தில் எட்டு முறை இதுவே போதும் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் நான் கணக்கு வைத்ததில்லை. பல தடவை உதவியிருக்கிறது, அது போதும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொதுமக்கள் விவாதங்களில் ஆபத்து என்று வரும் எண் பெரும்பாலும் ஒப்பீட்டு எண். 1995-ல் பிரிட்டனில், ஒரு புதிய வகைக் கருத்தடை மாத்திரை இரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்று எச்சரிக்கை வந்தது. தவறான தகவல் இல்லை. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இரண்டு பேருக்கு ஆனது, அதுதான் இரண்டு மடங்கு. ஆனால் "இரண்டு மடங்கு" என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்பமும் பிரசவமும் அந்த மாத்திரையைவிட அதிகமாக இரத்தக்கட்டு ஆபத்து உள்ளவை என்பதுதான் இதில் வேதனை. யாராவது "இத்தனை மடங்கு", "இத்தனை சதவீதம் அதிகம்" என்றால், எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். கேட்பதில் சண்டைத் தொனி வேண்டாம். பல சமயம் சொன்னவருக்கே அது தெரிந்திருக்காது, இரண்டு பேரும் சேர்ந்து தேடலாம்.

இதன் தம்பி இன்னொன்று உண்டு. 2015-ல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. "அப்படியானால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து" என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துப் பேசினார். அந்தப் பிரிவு சொல்வது, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றார்கள். 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது கிட்டத்தட்ட 6 ஆகும். புகையிலைக்கு இந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

"உங்களிடம் ஒரு ஆய்வு, என்னிடம் ஒரு ஆய்வு, சமம்" என்ற வாதமும் அடிக்கடி வரும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்று பீதி கிளப்பிய 1998 கட்டுரையில் இருந்தது 12 குழந்தைகள். அதை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2002-ல் வந்த டென்மார்க் ஆய்வில் 5,37,303 குழந்தைகள், தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணக் கூடாது.

நிச்சயத்தைக் குறிக்கும் சொற்களும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரின் "அநேகமாக" இன்னொருவருக்கு "அரைகுறையாக" என்று கேட்கும். காலநிலை மாற்றத்துக்கான ஐபிசிசி அமைப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. "வாய்ப்பு அதிகம்" என்று எழுதினால் 66 சதவீதத்துக்கு மேல், "மிக அதிகம்" என்றால் 90-க்கு மேல், "கிட்டத்தட்ட உறுதி" என்றால் 99-க்கு மேல். நாங்கள் இவ்வளவு கறாராகப் போகவில்லை. ஆனால் "நூற்றுக்கு எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் சார்?" என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் வந்துவிட்டது. நூறு என்று முழங்கிக்கொண்டிருந்தவர் எழுபது என்று சொல்லிவிட்டு, அந்த மீதி முப்பதைப் பற்றி அவராகவே பேச ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே மூச்சில் இருபது கருத்துகளைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களிடம் நான் ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதில்லை. ஒன்றைச் சொல்ல அரை நிமிடம் போதும், அதை மறுக்க அரை நாள் வேண்டும். மூன்றை மறுத்தால், மீதி பதினேழுக்குப் பதில் இல்லை என்பார்கள். அவரிடமே கேட்டுவிடுவேன்: "இதில் எது தப்பென்று தெரிந்தால் உங்கள் முடிவு மாறும்?" ஒன்றைக் காட்டினால் அதில் நேர்மையாக இறங்கலாம். எது போனாலும் மாறாது என்றால், அந்த இருபதும் அவர் முடிவுக்குக் காரணம் அல்ல என்று கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குப் புரிந்துவிடும்.

"ஒருகாலத்தில் வயிற்றுப் புண்ணுக்கு பாக்டீரியா காரணம் என்று சொன்னவரைப் பார்த்தும் சிரித்தார்கள்" என்ற வாதத்துக்கு நான் கோபப்படுவதில்லை. அது உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்ன மருத்துவர் பாரி மார்ஷல், சிரித்தவர்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தன் வயிற்றில் அழற்சி வந்ததைக் காட்டினார். கிருமியை ஒழித்தால் புண் திரும்ப வருவது குறைகிறது என்று சோதனைகள் நடந்தன. 2005-ல் உடன் ஆராய்ந்த ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அந்த உதாரணத்தைச் சொல்பவரிடம், அவர் செய்தது போன்ற சோதனை உங்கள் பக்கம் எது என்று நிதானமாகக் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. எல்லாம் உறுதியாகும்வரை எதையும் செய்யக் கூடாது என்பது. ஓசோன் விஷயத்தில் உலகம் அப்படிக் காத்திருக்கவில்லை. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃப்ளோரோகார்பன் வாயுக்கள் ஓசோனைச் சிதைக்கக்கூடும் என்று மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் 1974-ல் எழுதினார்கள். அன்டார்க்டிகாவுக்கு மேல் ஓட்டை இருப்பது 1985-ல் தெரிந்தது. அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியால் உடன்படிக்கை 1987 செப்டம்பரில் கையெழுத்தானது. ஓட்டைக்கு இந்த வாயுக்கள்தான் காரணம் என்பதை உறுதி செய்த விமான அளவீடுகள் அந்த மாதங்களில்தான் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. புதிய தகவல் வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டையும் உடன்படிக்கைக்குள்ளேயே வைத்தார்கள். 1990-ல் லண்டனில் கூடி இன்னும் கடுமையாக்கினார்கள். எவ்வளவு உறுதி தேவை என்பது, தப்பாகப் போனால் என்ன நஷ்டம், திரும்ப மாற்ற முடியுமா என்பதைப் பொறுத்தது. "இன்னும் உறுதியாகவில்லை" என்று யாராவது சொன்னால், எந்த முடிவுக்கு இந்த உறுதி போதாது என்று சேர்த்துக் கேட்கிறோம்.

அப்புறம் விதிகள். என் அனுபவத்தில் அறிவியல் சண்டையைவிட விதிச் சண்டைதான் ஆட்களை அதிகம் காயப்படுத்தும். எங்கள் குழுவில் முதலில் இருந்த விதி "மரியாதையாகப் பேச வேண்டும்" என்பது மட்டும்தான். நல்ல விதிபோலத் தெரியும். நடைமுறையில், வாதத்துக்குப் பதில் இல்லாதவர்கள் தொனியைப் பற்றிப் புகார் சொல்ல அது வசதியாகிவிட்டது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், சாமர்த்தியமாகக் குத்தத் தெரிந்தவர்கள் இனிமையாகக் குத்திக்கொண்டிருந்தார்கள். பல மாதம் பேசி அதைக் குறிப்பாக மாற்றினோம். கருத்தை எவ்வளவு கடுமையாகவும் மறுக்கலாம், பேசுகிறவரின் உள்நோக்கத்தை ஊகிக்கக் கூடாது. "இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது யார்?" என்று கேட்கலாம். "நீங்கள் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறீர்கள்" என்று சொல்லக் கூடாது. இந்த வித்தியாசம் எல்லோருக்கும் உடனே புரிந்தது. விதி என்றால் மீறினோமா இல்லையா என்று மீறியவருக்கே தெரிய வேண்டும்.

எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர் பாசனம், காடு, மீன்பிடி, மேய்ச்சல் நிலம் போன்ற பொது வளங்களை மக்கள் தாங்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நீடித்து நின்ற ஏற்பாடுகளில் அவர் கண்ட பொது அம்சங்களில் இரண்டு எங்களுக்கு நேரடியாகப் பயன்பட்டன. விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கு அதை மாற்றுவதில் பங்கு இருக்க வேண்டும். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும். ஒரு குழுவின் பொறுமையும் நம்பிக்கையும் பொது வளம்தான், ஒருவர் இஷ்டத்துக்குச் செலவழித்தால் எல்லோருக்கும் தீர்ந்துபோகும். அதனால் ஆஸ்ட்ரம் சொன்னதை இங்கே கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நாங்கள் வைத்த படி இதுதான்: முதலில் தனியாக ஒரு வார்த்தை, அடுத்து எல்லோர் முன்னும் ஒரு எச்சரிக்கை, அடுத்து ஒரு வாரம் பேசாமல் இருப்பது. வெளியேற்றுவது என்றால் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளாத மூன்று பேர் சேர்ந்து, காரணத்தை எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்துவிட்டுத்தான். தனியாகச் சொல்லும் அந்த முதல் வார்த்தையிலேயே பெரும்பாலானவை முடிந்துவிடும். "அண்ணா, நீங்கள் அவரைச் சொன்னது கொஞ்சம் அதிகம், திருத்திவிடுங்களேன்" என்றால் திருத்தாதவர்கள் குறைவு. அதையே எல்லோர் முன்னும் முதலில் சொல்லியிருந்தால் அவர் தன் மானத்துக்காகவே சண்டையை நீட்டியிருப்பார்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சண்டை நடக்கும்போது, அந்தச் சண்டையின் முடிவை மாற்றக்கூடிய விதியைத் திருத்தக் கூடாது. எவ்வளவு நல்ல திருத்தமாக இருந்தாலும், தோற்கிற பக்கம் அதைச் சதியாகத்தான் பார்க்கும், பார்ப்பதில் நியாயமும் இருக்கும். சண்டை அடங்கியபின் எடுங்கள். இரண்டாவது, நெறியாளர் ஒரு விவாதத்தில் பக்கம் எடுத்துப் பேசிவிட்டால், அந்த விவாதத்துக்கு மட்டும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். வேறொரு குழுவில், தனக்கு எதிராகப் பேசியவரை நெறியாளரே பேசவிடாமல் தடுத்ததைப் பார்த்தேன். தடுக்கப்பட்டவர் எல்லை மீறித்தான் பேசினார், அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சரியென்று அதன்பின் யாராலும் நிரூபிக்க முடியவில்லை, குழு இரண்டாக உடைந்தது.

ஆதாரம் கேட்பதற்கும் ஒரு அளவு வைத்தோம். ஒன்றைச் சொல்பவர்தான் ஆதாரம் தர வேண்டும், தான் படித்ததையே தர வேண்டும், எந்த வரி தன் கருத்தைச் சொல்கிறது என்று காட்ட வேண்டும். அவர் காட்டிய பிறகு, கேட்டவர் அதைப் படித்துவிட்டு ஏதாவது சொன்னால்தான் அடுத்த ஆதாரத்தைக் கேட்க முடியும். இது இல்லாதபோது, படிக்காமலே "இன்னும் காட்டு, இன்னும் காட்டு" என்று கேட்டு ஆளைச் சோர்வாக்கி அனுப்பிவிடும் பழக்கம் இருந்தது. நேரம் இல்லாத நல்லவர்கள்தான் அதில் முதலில் போனார்கள்.

பழைய தருக்க நூல்களில் பரபக்கத்தை, அதாவது எதிர்த் தரப்பின் கருத்தை, முழுதாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் சுபக்கத்துக்கு, அதாவது தங்கள் கருத்துக்கு, வருவார்கள். அதை நாங்கள் கட்டாயமாக்கவில்லை, ஆனால் சூடான விஷயங்களில் கேட்கிறோம். எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது என்பதை, அவர்களே "ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லுங்கள், அப்புறம் மறுங்கள். நேரம் பிடிக்கும். சிலருக்கு எரிச்சலும் வரும். செய்து முடித்தபின் மறுப்பு பாதியாகச் சுருங்கிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பெரிய விவாதம் முடிந்ததும் எதிரெதிர் தரப்பிலிருந்து ஆளுக்கு ஒருவர் சேர்ந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறார்கள். எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை, என்ன புதிதாகத் தெரியவந்தால் மறுபடி எடுப்போம் என்ற மூன்றும் அதில் இருக்கும். மூன்றாவது பகுதியை எழுதத்தான் அதிக நேரம் ஆகிறது, சில சமயம் விவாதத்தைவிட அதிகம். புதிதாகச் சேர்பவர் பழைய விஷயத்தைக் கிளப்பினால் அந்தக் குறிப்பைக் கையில் கொடுக்கிறோம். அதில் ஓட்டை இருக்கிறது என்று அவர் காட்டினால், எழுதிய இருவரையும் கூப்பிட்டு அவரோடு உட்கார வைக்கிறோம். அவர்கள் பதில் சொல்ல முடியவில்லை என்றால் குறிப்பு திருத்தப்படுகிறது, திருத்தியவர் பெயராகப் புதியவரின் பெயர் சேர்கிறது.